கேளுங்கள், சொல்கிறேன்: லுக்லாவில் இறங்கும் விமானம்

கே: என் மகன் அக்டோபரில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கப் போகிறான். அந்த நடை தொடங்கும் நேபாள மலையூரான லுக்லாவில் விமானம் இறங்கும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. 2008இல் அங்கே ஒரு சின்ன விமானம் இறங்கும்போது விழுந்ததாமே? பைலட் மறுபடி மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கக் கூடாதா?
– ஒரு தாய், காரைக்குடி

ப: நான் அங்கே போய் வந்தவன் அம்மா, அதனால் ‘பயமே வேண்டாம்’ என்று சும்மா சொல்ல வாய் வரவில்லை. காத்மாண்டுவில் ஏறி உட்கார்ந்ததும் பணிப்பெண் ஒரு தட்டில் மிட்டாயும் பஞ்சும் நீட்டினார். பஞ்சு காதை அடைத்துக்கொள்ள. அது தெரியாமல், ஊசி போட்ட கையைத் துடைக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு முழித்தேன். பைலட்டுக்கும் நமக்கும் நடுவே கதவு கிடையாது. அரை மணி நேரத்தில், பைலட்கள் இருவர் தோளுக்கும் இடையே, மலைச்சரிவில் ஒட்டிய பிளாஸ்திரி மாதிரி ஏதோ தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் ‘அதான் ரன்வே’ என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

நீளம் 527 மீட்டர்தான். சென்னையின் பெரிய ஓடுபாதையில் ஏழில் ஒரு பங்கு. அதுவும் சமதளம் இல்லை, கீழ் முனையைவிட மேல் முனை சுமார் 60 மீட்டர் உயரம், அதாவது இருபது மாடி. இறங்கும் விமானம் மேட்டில் ஏறுவதால் சீக்கிரம் நிற்கும். கிளம்பும்போது இறக்கத்தில் ஓடி வேகம் பிடிக்கும். குறைந்த தூரத்தில் இறங்குவதற்கென்றே செய்த சின்ன விமானங்கள்தான் அங்கே போகும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அந்தப் பாதையின் தலைமாட்டில் இருக்கிறது. அங்கே நிற்பது மலை. கால்மாட்டில் பள்ளத்தாக்கு. வேண்டாம் என்று திரும்புவதானால் தூரத்தில் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். கிட்டே வந்தபின் ஏறிச் சுற்ற இடமே இல்லை. மேகத்துக்குள் வழிகாட்டி இறக்கும் கருவியும் அங்கே கிடையாது, கண்தான் எல்லாம். அந்தக் கண்ணையும் பாதை ஏமாற்றும். எதிரே மேடாகத் தெரிந்தால், நாம் தேவைக்கு அதிகமான உயரத்தில் வருகிறோம் என்று தோன்றும், கை தானாக இன்னும் தாழ்த்தப் பார்க்கும்.

2008 அக்டோபர் 8 காலை, கடைசிக் கட்டத்தில் மூடுபனி வந்து மறைத்தது. விமானம் தாழ்வாக வந்து, ஓடுபாதைக்குச் சற்று முன்னால் மோதித் தீப்பிடித்தது. இருந்த 19 பேரில் 18 பேர் இறந்தார்கள், அவர்களில் 12 பேர் ஜெர்மானியர்கள். பிழைத்தவர் கேப்டன் ஒருவர்தான். 2017 மே மாதம் ஒரு சரக்கு விமானமும் இப்படியே பாதைக்குக் கீழே மோதியதில் பைலட்கள் இருவரும் இறந்தார்கள்.

ஆகவே மகனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். காலையில் முதலில் கிளம்பும் விமானத்தில் சீட்டு வாங்கச் சொல்லுங்கள், பொழுது ஏற ஏற அங்கே காற்றும் மேகமும் கூடும். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் மிச்சம் வைத்துக்கொள்ளட்டும், வானிலையால் லுக்லா விமானம் நின்றுபோகலாம். நான் போனபோது இரண்டு நாள் காலையில் ‘லுக்லா குளோஸ்’ என்று காத்மாண்டு கவுன்டரில் கையை விரித்தார்கள். வெளியே பளிச்சென்று வெயில். வரிசையில் இருந்த எல்லாரும் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். இங்கே வெயிலடித்தால் அங்கேயும் அடிக்க வேண்டுமா என்ன?

கே: போயும் போயும் இப்படி ஒரு இடத்திலா விமான நிலையம் கட்டுவார்கள்?
– ஒரு வாசகர், தென்காசி

ப: கட்டியவர் எட்மண்ட் ஹிலாரி, 1964இல். ஷெர்பாக்களின் ஊர்களில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டச் சாமான் கொண்டுவர வேண்டியிருந்தது. மண் மெத்தென்று இருந்ததால், ஷெர்பாக்களுக்கு உள்ளூர்ச் சாராயம் வாங்கிக் கொடுத்து, காலை உதைத்து ஆடும் அவர்கள் ஆட்டத்தை ஓடுபாதை மேலேயே ஆடவைத்துக் கெட்டிப்படுத்தினார் என்பார்கள். ரோடு ரோலருக்கு வாடகை மிச்சம்! தார் போட்டது 2001இல்தான்.

கே: விமானமே வேண்டாம் என்றால் வேறு வழி உண்டா?
– மறுபடியும் காரைக்குடித் தாய்

ப: உண்டு. காத்மாண்டுவிலிருந்து ஜிரி என்ற ஊர் வரை பஸ், அங்கிருந்து லுக்லாவுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் நடை. 1953இல் ஹிலாரியும் டென்சிங்கும் காத்மாண்டு பக்கமிருந்தே நடந்துதான் போனார்கள். மகனுக்கு ஆபீசில் எத்தனை நாள் லீவு என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.