வெறும் வயிற்றில் குடித்த வெந்தயத் தண்ணீர் ஏன் சர்க்கரையை இறக்கவில்லை?

கேள்வி: "கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு வயது 54, எடை 92 கிலோ. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். நான்கு மாதமாக விடியற்காலையில் வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீரும் ஆவாரம்பூப் பொடியும் தவறாமல் எடுக்கிறார். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை இன்னும் 260. மூலிகை எல்லாம் பொய்யா, இல்லை மாத்திரையை நிறுத்தினால்தான் அது வேலை செய்யுமா?"

முதலில் மாத்திரை. அதை நிறுத்த வேண்டாம். மாத்திரை மூலிகையை மறித்துக்கொண்டு நிற்பதில்லை. மூலிகையும் பொய்யில்லை. நான்கு மாதம் கசப்பைப் பொறுத்துக்கொண்டு குடித்தவருக்கு யாரும் நேரத்தையும் விதத்தையும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

வெந்தயம் பெரும்பாலும் வேலை செய்வது குடலில். அங்கே அது பிடிக்க வேண்டியது சோற்றை. ஐந்து மணிக்கு வெந்தயத் தண்ணீர், ஒன்பது மணிக்கு இட்லி, ஒன்றரை மணிக்கு சோறு என்றால் இரண்டும் குடலில் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. "வெறும் வயிற்றில்" என்ற சொல் நம் ஊரில் எல்லா மூலிகைக்கும் பொதுவிதி போல ஒட்டிக்கொண்டுவிட்டது. பாதி தோல்விக்குக் காரணம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

வெந்தய விதையின் எடையில் ஏறக்குறையப் பாதி நார்ச்சத்து. அதில் காலக்டோமன்னன் என்ற பசைநார் முக்கியம். கொத்தவரை விதைப் பிசினும் இதே இனம். தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று உப்பி, சோற்றின் மாவுச்சத்தைச் சூழ்ந்துகொண்டு, குளுக்கோஸ் ரத்தத்துக்குள் ஏறுவதை மெதுவாக்கும். 4-ஹைட்ராக்சி ஐசோலூசின் என்ற அமினோ அமிலமும் உண்டு; அது இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதாக ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் நாம் பெரிதும் நம்ப வேண்டியது பசையைத்தான். அந்தப் பசை விதையில் இருக்கிறது. ஊறிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைத் தொட்டியில் கொட்டினால் மருந்தைக் கொட்டியதாகத்தான் அர்த்தம். முழு விதையை அப்படியே விழுங்கினாலும் தோல் உடையாமல் பாதி வெளியே போய்விடும்.

அளவிலும் தவறு நடக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆய்ந்து சொன்ன அளவு நாளுக்கு 25 முதல் 50 கிராம். நம் வீடுகளில் போடுவது ஒரு தேக்கரண்டி, அதாவது நான்கு கிராம்கூட இல்லை. 25 கிராமை இரண்டாகப் பிரித்தால் வேளைக்கு 12.5 கிராம், தலைதட்டிய மேஜைக்கரண்டி ஒன்றும் கொஞ்சமும். இரவே 150 மில்லி தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரோடு விதையையும் மிக்சியில் வழுவழுப்பாக அரைத்து, மோரில் கலந்து, டிபனுக்குப் பத்து நிமிடம் முன் குடிக்கட்டும். மதியத்துக்கு வேண்டியதைக் காலையில் ஊற வைத்துக்கொள்ளலாம். கசப்பு தாங்கவில்லை என்றால் முளைகட்டி அரையுங்கள். சப்பாத்தி மாவில் பிசையலாம். தோசை மாவில் வாசனைக்குப் போடுகிற வெந்தயத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதல் நாளே 25 கிராமில் ஆரம்பித்தால் வயிறு உப்பும், சிலருக்கு பேதியாகும், மூன்றாம் நாள் அவரே வேண்டாம் என்பார். வேளைக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கி மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். உலர்ந்த பொடியை அள்ளி வாயில் போடக் கூடாது. தொண்டையிலேயே உப்பி அடைக்கும். எப்போதும் நிறையத் தண்ணீரோடுதான். இந்தப் பசை மற்ற மாத்திரைகளையும் பிடித்து வைக்கும். ஆகவே மாத்திரைக்கும் இதற்கும் ஒன்றிரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை என்றால் நான்கு மணி நேரம். உணவுக்குச் சற்று முன் எடுக்க வேண்டிய மாத்திரை ஏதாவது இருந்தால் நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடலையோ கொண்டைக்கடலையோ ஒவ்வாதவருக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் இந்த அளவு பக்கம் போகக் கூடாது.

ஆவாரம்பூவுக்கு வருகிறேன். பூவை மட்டும் தனியாக எடுத்தால் எலிகளில் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள், மனிதர்களில் சான்று மெலிது. பாலும் சர்க்கரையும் போட்ட டிகிரி காபிக்குப் பதிலாக அப்பா ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் அந்தச் சர்க்கரை மிச்சம். அது உறுதியான லாபம். சித்தர்கள் பூவைத் தனியாக விட்டுவிடவும் இல்லை. ஆவாரைக் குடிநீர் என்ற அவர்களின் கஷாயத்தில் ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை என்று ஏழு சரக்கு. காவிரி நீரும் வற்றும், கடல் நீரும் வற்றும் என்று இந்தச் சரக்குகளைச் சொல்லும் சித்தர் பாட்டு முடிகிறது. அளவில்லாமல் சிறுநீர் போகிற நோயைச் சொல்ல இந்த மண்ணுக்குக் காவிரிதான் உவமையாக வந்திருக்கிறது. அதில் வரும் கோரை, உங்கள் வயலில் களையென்று பிடுங்கிப் போடுகிற அதே கோரைதான். ஆவாரைக்கு மட்டும் வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஏழில் வேதியியலில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கடலழிஞ்சில். அந்த இனத்திலிருந்து சலாசினால் என்ற பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-ல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மாவையும் சர்க்கரையையும் குளுக்கோஸாக உடைக்கிற குடல் நொதிகளை அது தடுக்கும். மருத்துவர் எழுதித் தரும் வாக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகளுக்கும் வேலை இதுவே. அந்த மாத்திரைகளை முதல் கவளத்தோடு விழுங்கச் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான்: நொதியும் சோறும் சேரும்போது மருந்து அங்கே இருந்தாக வேண்டும். ஆவாரைக் குடிநீருக்கும் அதே நியாயம் பொருந்தும். சரக்கு கொரகொரப்பாக இருக்கட்டும். மைபோல் இடித்தால் வடியாது. 10 கிராமுக்கு 240 மில்லி தண்ணீர், சிறுதீயில் 60 மில்லியாகச் சுண்டும்வரை. அன்றன்றைக்கு வைத்துக் குடிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. அங்கே காட்டி, மற்ற மாத்திரைகளையும் சொல்லி வாங்குங்கள்.

எடைக்கும் சேர்த்துக் கேட்டால் நான் முன்னால் வைப்பது சிறுகுறிஞ்சான் கொடி. இதன் ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தைப் போய் மூடும். இலையை மென்று துப்பிவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டது போலிருக்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே நிற்கும். கடையில் வாங்கிய பொடி அசல்தானா என்று பார்க்கவும் இதே சோதனை போதும்: சிட்டிகை பொடியை நாக்கில் ஒரு நிமிடம் வைத்து, கொப்பளித்து, சர்க்கரை போடுங்கள். இனித்தால் அது வேறு இலை, இல்லையேல் வீரியம் போன பழைய சரக்கு. சாயங்காலம் நான்கு மணிக்கு இனிப்பும் காபியும் தேடும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால், அதற்குச் சற்று முன் இரண்டு பச்சை இலை. சென்னையில் நடந்து 1990-ல் வெளியான ஆய்வில், மாத்திரையோடு இதன் சாற்றுப்பொருள் 400 மில்லிகிராம் தினமும் 18 முதல் 20 மாதம் எடுத்த 22 பேரில் ஐந்து பேர் மாத்திரையை விட முடிந்தது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிக்காத சிறு ஆய்வு அது. ஐந்து பேரை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சம் 17 பேரை மறக்கக் கூடாது.

பாகற்காயில் சர்க்கரையை இறக்கும் சாரன்டின் என்ற பொருள் உண்டு, இன்சுலின் போன்ற புரதமும் உண்டு. ஆனால் 2011-ல் வெளியான தாய்லாந்து ஆய்வில் நாளுக்கு 2,000 மில்லிகிராம் பாகல்பொடி, 1,000 மில்லிகிராம் மெட்ஃபார்மினுக்கு ஈடு கொடுக்கவில்லை. கறியாக வாரம் மூன்று நாள் சாப்பிடட்டும். உப்புப் போட்டுப் பிழிந்து, எண்ணெயில் முறுக, வெல்லம் தூவிச் செய்வது மட்டும் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் விதையைத் தொடக் கூடாது. அதிலுள்ள விசின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மஞ்சளைப் பற்றியும் கேட்பார்கள். நல்ல பலன் வந்த தாய்லாந்து ஆய்வில் கொடுத்தது நாளுக்கு ஒன்றரை கிராம் குர்குமினாய்டு என்ற மஞ்சள் சத்து. மஞ்சள் தூளில் அது சுமார் 3 விழுக்காடு, ஆக 50 கிராம் தூள் தின்ன வேண்டும். குழம்பில் போடுகிற மஞ்சள் குழம்புக்குத்தான். மிளகுச் சத்து சேர்த்து வீரியம் ஏற்றிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. வாசலில் வளர்க்கும் இன்சுலின் செடியில் இன்சுலின் கிடையாது. இருந்திருந்தாலும் வாய்வழி போனால் செரித்துவிடும்.

எடை குறைக்கும் புட்டிகளில் குடம்புளிச் சத்து என்று எழுதியிருந்தால் காசைக் கொடுக்காதீர்கள். 1998-ல் வெளியான ஆய்வில் 135 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்து, வெற்று மாத்திரையைவிட அதிகம் எதுவும் இறங்கவில்லை. கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. மீன் குழம்பில் போடும் புளி வேறு கணக்கு, அது சமையல் அளவு. எடையை இறக்க எந்தச் செடியும் தனியாகப் போதாது. ஆனால் எடை இறங்கினால் நடப்பது பெரிது: பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களில் 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினர் மாத்திரை இல்லாமல் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தார்கள். அப்பாவின் மாத்திரையை நிறுத்தும் பாதை ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதுவும் மருத்துவர் படிப்படியாகக் குறைத்துத்தான்.

இதைப் படித்துவிட்டு, சித்தத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று ஒருவரும் ஆங்கில மருந்துக்கு எதிராக எழுதுகிறேன் என்று இன்னொருவரும் வருவார்கள். இருவருக்கும் ஒன்றே சொல்கிறேன். மெட்ஃபார்மினின் மூலம், ஐரோப்பாவில் விளையும் கலேகா என்ற செடியின் சத்து. இன்றைக்குச் சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதிய மாத்திரைகளின் மூலம், 1835-ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து எடுத்த ஃப்ளோரிசின். செடிக்கும் மாத்திரைக்கும் பகை இல்லை. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று தெரியும், செடியில் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும், வித்தியாசம் அதில்தான்.

சோற்றைப் பேசாமல் இது முடியாது. இலையில் முதலில் கீரையும் கூட்டும், பிறகு பருப்போ மீனோ, கடைசியில் சோறு. வரிசையை மாற்றினாலே சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையின் உச்சம் குறையும். வடித்து ஆறவைத்த சோற்றில் செரிக்காத மாவு கூடும் என்பது உண்மை. ஆனால் 2015-ல் வெளியான இந்தோனேசிய அளவீட்டில் சூடான சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது, ஒரு நாள் குளிரவைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். ஒரு கிராம் வித்தியாசத்துக்காக இரண்டு தட்டு பழைய சோறு சாப்பிட்டால் கணக்கு உதைக்கும். கருப்புக் கவுனியின் கருமையில் ஆந்தோசயனின் என்ற நிறமி உண்டு, தவிடும் உண்டு. நல்லதுதான்; ஆனாலும் அது அரிசிதான், மாவுச்சத்துதான். "சர்க்கரை நோயாளிகளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும்" என்று எழுதி மூன்று மடங்கு விலைக்கு விற்பது அநியாயம்.

அந்த விலை விளைவித்தவருக்கும் போய்ச் சேருவதில்லை, இது கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டே தட்டு. மாப்பிள்ளைச் சம்பாவையும் காட்டுயானத்தையும் மாதக்கணக்கில் காத்து, சாய்ந்த பயிரைத் தூக்கிக் கட்டி அறுத்தவர் அதற்கென்று ஒரு விலை கேட்க அங்கே இடமே இல்லை. திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லை விதை விதையாகத் தேடிச் சேர்த்துப் பரப்பினார். அந்த விதைக்கென்று ஒரு கொள்முதல் விலை இருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்குங்கள். ஒரே மதியச் சாப்பாடு, ஒரே அளவு. மூன்று நாள் வெந்தயம் இல்லாமல், மூன்று நாள் வெந்தயத்தோடு. முதல் கவளத்துக்கு முன் ஒரு முறை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை. எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மூலிகைதான். மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் எது வேலை செய்தது, எது வயிற்றைக் கெடுத்தது என்று தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. புட்டியில் பெயர் தெரியாத பொடி வாங்கி, அது அதிசயமாகச் சர்க்கரையை இறக்கினால் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையைக் கலந்து பிடிபட்டது பல நாடுகளில் நடந்திருக்கிறது.

அப்பா கிளிமிபிரைடு சாப்பிடுவதால் ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்கவைக்கும். மேலே மூலிகையும் சேர்ந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழறிய பேச்சு. உடனே 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் நேரே மருத்துவமனைக்கு. ஆவாரைக் குடிநீரோ வாக்லிபோஸோ எடுக்கும் நாளில் மிட்டாயும் சர்க்கரையும் கைகொடுக்காது. கடலழிஞ்சிலும் அந்த மாத்திரையும் தடுப்பது, சர்க்கரையை உடைக்கிற அதே நொதியைத்தான். குளுக்கோஸுக்கு உடைய வேண்டிய வேலை இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று வீட்டில் இருக்கட்டும், இன்னொன்று அவர் வயலுக்குப் போகும்போது சட்டைப் பையில்.