முதுகில் ஜப்பானிய எழுத்து: முதலில் போஸ், அப்புறம் தூரிகை

கேள்வி: காதறுந்த ஹோய்ச்சி என்ற ஜப்பானியப் பேய்க்கதையை வைத்து ஒரு புகைப்படத் தொடர் எடுக்கிறேன். பேயின் கண்ணில் படாமலிருக்க ஹோய்ச்சியின் உடம்பு முழுக்கச் சூத்திரம் எழுதுவார்கள், காதை மட்டும் மறந்துவிடுவார்கள். நண்பரின் முதுகு முழுக்க அந்த இதய சூத்திரம் என்ற பௌத்த நூலை எழுத வேண்டும். ஆன்லைனில் வாங்கிய சுமி மையால் என் கையில் எழுதிப் பார்த்தேன். காய்ந்ததும் வெடித்தது, கறையும் லேசில் போகவில்லை. கையைத் திருப்பினால் எழுத்து கோணிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த மையை உடம்பில் வைக்கவே வைக்காதீர்கள். சுமி என்பது புகைக்கரியையும் விலங்குப் பசையையும் சேர்த்துக் காகிதத்துக்காகச் செய்வது. பாட்டிலில் வருவதில் செயற்கைப் பிசினும் இருப்பதுண்டு. பசை இறுகியபின் தோல் அசைந்தால் வெடிக்கத்தான் செய்யும். கரித்துகள் மிக நுண்ணியது. சிராய்ப்பில் இறங்கினால் பச்சை குத்தியதுபோல நிரந்தரமாகத் தங்கிவிடலாம். அதற்குப் பதிலாகக் கருப்பு மருதாணி கோனுக்கும் போய்விடாதீர்கள். கருமைக்காக அதில் சேர்க்கப்படும் பிபிடி என்ற சாயப்பொருள் கொப்புளம் கிளப்பித் தழும்பு வைத்துவிடலாம்.

க்ரையோலானின் அக்வாகலர் போல, தண்ணீர் தொட்டுக் கரைக்கும் பாடி பெயின்ட் வாங்குங்கள். ஒரு நாள் முன்பே நண்பரின் உள்முழங்கையில் கொஞ்சம் தடவி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பாருங்கள். எழுதும் அன்று முதுகில் எண்ணெய், லோஷன் எதுவும் இருக்கக் கூடாது.

எழுத்து கோணுவதற்குக் காரணம் உங்கள் கை அல்ல. நிமிர்ந்து உட்கார்ந்த முதுகில் நேராக எழுதிவிட்டு, நண்பரைக் குனிந்து கைகட்டச் சொன்னால் தோள்பட்டை எலும்புகள் விலகும், தோல் பக்கவாட்டில் இழுபடும், சதுரமான எழுத்து அகன்றுபோகும். அதனால் படத்தில் வரப்போகும் நிலையிலேயே அவரை உட்காரவைத்து, கேமராவையும் ஸ்டாண்டில் நிறுத்தி, திரையில் பார்த்தபடி புருவ பென்சிலால் மெல்லிய வழிகாட்டிக் கோடுகள் போடுங்கள். வரிகள் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகப் போகட்டும். முதுகெலும்புப் பள்ளத்தில் எழுத்தின் நடுக்கோடு விழுந்தால் நிழல் அதைத் தின்றுவிடும். பள்ளத்தை இரண்டு வரிகளுக்கு இடைவெளியாக விடுவது நல்லது.

தூரிகை விஷயத்தில் பலரும் சறுக்குவார்கள். மெத்தென்ற ஆட்டுமுடித் தூரிகை காகிதத்தில் அழகு, தோலில் படுத்துவிடும். நுனி கூர்மையான, வளைந்தால் நிமிர்கிற நைலான் வட்டத் தூரிகைதான் சரி. காகிதம் மையை உறிஞ்சுவதால் வரும் கசிவு தோலில் கிடைக்காது, அதற்கு முயலாதீர்கள். கிடைப்பது ‘கசுரே’: பெயின்டைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து வேகமாக இழுத்தால், கோட்டின் வால் வரிவரியாகப் பிரிந்து தோல் தெரியும். எழுத்துக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. அழுத்தி நிறுத்துவது ‘தொமே’, சுண்டி எடுப்பது ‘ஹனே’, இழுத்துக் கரையவிடுவது ‘ஹராய்’. இந்த மூன்றையும் சொந்தத் தொடையில் பழகுங்கள். ஜப்பானில் பயில்பவர்கள் எடுத்துக்கொள்ளும் ‘நித்தியம்’ என்று பொருள்படும் ஒற்றை எழுத்திலேயே எட்டு அடிப்படைக் கோடுகளும் வந்துவிடும். ஒருமுறை இழுத்த கோட்டைத் திருத்தாதீர்கள். ஒட்டுப்போட்டது படத்தில் பளிச்சென்று தெரியும். பிசகினால் அந்த எழுத்தையே ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

சூத்திரம் முழுவதும் வேண்டுமா என்று யோசியுங்கள். சுமார் 260 எழுத்து. முடிப்பதற்குள் முதல் வரிகள் வியர்வையில் கலங்கும், நண்பருக்கும் முதுகு பிடித்துக்கொள்ளும். நான் என்றால் மூன்று வரி பெரிதாக எழுதி, இன்னும் சில வரிகளைக் கழுத்தோரம் சிறிதாக ஓடவிடுவேன். காதை மட்டும் வெறுமையாக விடுங்கள். கதையில் பேய் பிய்த்துக்கொண்டு போனது அதைத்தானே! இதய சூத்திரம் பௌத்தர்கள் ஓதுவது என்பதால் அதை இடுப்புக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்.

மாதிரியைக் கணினியில் எடுக்கும்போது ஜப்பானிய எழுத்துருவா என்று பாருங்கள். எலும்பைக் குறிக்கும் எழுத்தின் தலைக்குள் ஒரு சின்ன மடிப்பு உண்டு. ஜப்பானில் அது வலப்புறம், சீன எளிய வடிவில் இடப்புறம். இப்படிப்பட்ட வித்தியாசங்கள் படிக்கத் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். எழுதும் முன் அப்படி ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

காய்ந்ததும் நிறமற்ற பவுடரை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஏசியைக் குறைத்துவையுங்கள், குளிரில் தோல் சிலிர்த்தால் கோடு புள்ளிபுள்ளியாக உடையும். ஒளியை மென்மையாக்கும் பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் வைத்தால் முதுகின் வளைவும் தெரியும், பெயின்ட் பளபளப்பும் அடங்கும். முதுகு வளைவதால் லென்ஸ் துளையை எஃப் 8 அளவுக்காவது சுருக்கி எடுங்கள், ஓரத்து எழுத்துகளும் கூர்மையாக விழும். எடிட்டிங்கில் அழகுக்காகப் படத்தை இடம்வலமாகத் திருப்பிவிடாதீர்கள், அத்தனை எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிவிடும். முடிந்தபின் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.