பீம் எவ்வளவு தாங்கும்?

கேள்வி: 230 மி.மீ. அகலம், 450 மி.மீ. ஆழமுள்ள பீமில் அடியில் மூன்று 16 மி.மீ. கம்பி. கான்கிரீட் எம்20 (அழுத்தவலிமை ச.மி.மீ.க்கு 20 நியூட்டன்), கம்பி எஃப்.இ.500 (நெகிழ்வலிமை ச.மி.மீ.க்கு 500 நியூட்டன்). வளைவுத் தாங்குதிறனைக் கணக்கிடுவது எப்படி? எம்25 போட்டால் கூடுமா?

பதில்: கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 456:2000 முறையில் பார்ப்போம். முதலில் பயனுறு ஆழம், அதாவது பீமின் மேல்விளிம்பிலிருந்து கம்பியின் நடுவரை உள்ள தூரம். 450-இல் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) 25, ஸ்டிரப் (சுற்றுவளையக் கம்பி) 8, கம்பியின் பாதி 8 போனால் 409 மி.மீ. பலர் இங்கேயே சறுக்குகிறார்கள். 450-ஐயே வைத்துக் கணக்கிட்டால் விடை 12 சதவீதம் பொய்யாகக் கூடிவிடும்.

மூன்று கம்பியின் பரப்பு 603 ச.மி.மீ. இழுவிசை 0.87 × 500 × 603, அதாவது சுமார் 262 கிலோநியூட்டன். மேற்பக்கக் கான்கிரீட்டின் அழுத்தவிசையும் இதே அளவு இருந்தாக வேண்டும். ஆகவே நடுநிலை அச்சின் (மேலே அழுத்தமும் கீழே இழுவையும் பிரியும் கோட்டின்) ஆழம் 2,62,305 ÷ (0.36 × 20 × 230) = 158 மி.மீ. இந்தக் கம்பிக்கு உச்சவரம்பு 0.46 × 409 = 188. உள்ளேதான் இருக்கிறோம்.

நெம்புகை (அழுத்தவிசைக்கும் இழுவிசைக்கும் இடையிலான தூரம்) 409 − 0.42 × 158 = 342.6 மி.மீ. இழுவிசையால் பெருக்கினால் 90 கிலோநியூட்டன் மீட்டர். இது 1.5 மடங்கு பெருக்கிய சுமைக்கானது. அன்றாடச் சுமைக்கு 60 என்று கொள்ளுங்கள். இரு முனையிலும் சாதாரணமாக அமர்ந்த 4 மீட்டர் பீமுக்கு, சொந்த எடையும் சேர்த்து மீட்டருக்கு 30 கிலோநியூட்டன். வளைவுக்கு மட்டும்தான், வெட்டுவிசையும் தொய்வும் தனிக்கணக்கு.

எம்25 போட்டால் 93 ஆகும், அவ்வளவுதான். இழுவிசையைத் தீர்மானிப்பது கம்பி. கான்கிரீட் உயர்ந்தால் நெம்புகை கொஞ்சம் நீள்கிறது. அதே கம்பியோடு ஆழத்தை 50 மி.மீ. கூட்டினால் 103 வரும். அதைச் செய்யுங்கள்.

கேள்வி: அதே பீமில் நான்கு 20 மி.மீ. கம்பி போட்டுவிட்டால்?

பதில்: வேண்டாம். நடுநிலை அச்சு 330 மி.மீ.க்கு இறங்கும், வரம்போ 187. கம்பி நெகிழ்வதற்கு முன்பே மேலே கான்கிரீட் நொறுங்கும், முன்னறிவிப்பாக அகன்ற விரிசல் எதுவும் வராது. சூத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 147 என்று காட்டும், நம்பாதீர்கள். மேற்பக்க அழுத்தக் கம்பியைக் கணக்கில் சேர்க்காதவரை அனுமதிக்கத்தக்கது 101தான்.

கேள்வி: கான்டிலீவர் (ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள) பீமில் மேல்கம்பி 30 மி.மீ. தாழ்ந்துவிட்டது. பெரிய விஷயமா?

பதில்: ஆமாம். மேலே சொன்ன அளவுகளே என்றால் 262 × 0.03, கிட்டத்தட்ட 8 கிலோநியூட்டன் மீட்டர் போய்விட்டது. கான்கிரீட் போடுமுன் கம்பிக்கு அடியில் ‘சேர்’ எனப்படும் தாங்கி வைத்து உயர்த்துங்கள்; கம்பிமேல் யாரும் நடக்காதபடி பலகை போடுங்கள்.