பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் 1600 மீட்டரை 4 நிமிடம் 38 நொடியில் ஓடுகிறான். அமெரிக்காவில் ஐவி லீக் போன்ற கல்லூரியில் இடம் கிடைக்க இது உதவுமா?

உதவும். ஆனால் அந்தக் கல்லூரியின் ஓட்டக் கோச் தன் பட்டியலில் உங்கள் மகனின் பெயரைச் சேர்த்தால்தான். சேர்க்காவிட்டால் விண்ணப்பத்தில் வயலின், ரோபோட்டிக்ஸ் வரிசையில் ஓட்டமும் ஒரு வரி, அவ்வளவுதான். இது எங்களுக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது.

நீங்களும் எங்களைப் போல ஊரில் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். விளையாட்டு என்றதும் நமக்கு ஒதுக்கீடுதான் ஞாபகம் வரும். மாநில அளவில் ஓடிய சான்றிதழ் இருந்தால் தனி கவுன்சிலிங். இங்கே அந்தக் கணக்கு இல்லை. இந்த வருடம் கோச்சுக்கு எத்தனை பேர் தேவை, அதில் உங்கள் பிள்ளை எத்தனையாவது ஆள் என்பதுதான் கேள்வி.

என் மகள் நியூஜெர்சியில் படித்தாள். ஒன்பதாம் வகுப்பில் தோழி கூப்பிட்டாள் என்று கிராஸ் கன்ட்ரியில், அதாவது மேடுபள்ளத்தில் ஓடும் தூர ஓட்டத்தில், சேர்ந்தவள், பதினொன்றாம் வகுப்பு முடியும்போது 1600 மீட்டரை 5:04-ல் ஓடினாள். பதினான்கு கோச்சுகளுக்கு அவளே மெயில் எழுதினாள். நீங்கள் எழுதாதீர்கள், பிள்ளை எழுதுவதைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள். பிள்ளைகள் எவ்வளவு நேரத்தில் ஓடினார்கள் என்பதெல்லாம் மைல்ஸ்பிளிட் என்ற இணையதளத்தில் இருப்பதால் பதில் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுவார்கள்.

ஐவி லீக் கோச் ஒருவர் போனில் அன்பாகத்தான் பேசினார். 4:50-க்குப் பக்கத்தில் வந்தால் மறுபடி எழுது என்றார். ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. கோச்சிடம் இருப்பது அட்மிஷன் அலுவலகத்தில் சொல்லும் சொல். அது பலித்தால் பன்னிரண்டாம் வகுப்பில் அக்டோபர் 1-க்குப் பிறகு 'லைக்லி லெட்டர்' வரும், ஏறக்குறைய இடம் உறுதி என்று. அதற்கும் பள்ளி மதிப்பெண்ணையும் சாட் என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்துப் போடும் 'அகாடமிக் இண்டெக்ஸ்' என்ற கணக்கில் தேறவேண்டும்.

பிறகுதான் டிவிஷன் 3 பக்கம், அதாவது கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவுப் பக்கம், திரும்பினோம். எம்ஐடி, சிகாகோ, வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் எல்லாம் டிவிஷன் 3 தான். அங்கேயும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. எம்ஐடியில் கோச் பரிந்துரைக்கலாம், முடிவு முழுக்க அட்மிஷன் அலுவலகத்துடையது. நியூ இங்கிலாந்தின் சிறு கல்லூரிகளில் கோச்சின் சொல்லுக்கு எடை அதிகம். ஜூலையில் மதிப்பெண் பட்டியலை வாங்கி அலுவலகத்தில் காட்டி, தேறுமா என்று கேட்டுச் சொல்வார். இதற்கு ப்ரீ-ரீட் என்று பெயர். என் மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் நல்ல பதில் வந்தது. முதல் கோச், "நீ என் பட்டியலில் இருக்கிறாய்" என்றார். செப்டம்பரில் அவரிடமிருந்து மெயில் நின்றுவிட்டது. அப்புறம் ஒரு வரி வந்தது, இந்த வருட இடங்கள் நிரம்பிவிட்டன என்று. பதினேழு வயசுப் பிள்ளை அன்று இரவு சாப்பிடவில்லை. அதனால் நேராகக் கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் முழு ஆதரவு எனக்கு உண்டா? போன வருடம் நீங்கள் ஆதரித்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது?

அக்டோபரில் ஹோம்டெல் பார்க்கில் ஓட்டம். அங்கே 'பௌல்' என்று ஒரு பள்ளம் இருக்கிறது, சரசரவென்று இறங்கி உடனே செங்குத்தாக ஏறவேண்டும். நான் மேட்டின் மேல் நின்றேன். இறங்கும்போது பதினைந்து பேருக்குள் இருந்தாள். ஏறும்போது உதடு வெளுத்து, கை மட்டும் வீசுகிறது, கால் வரவில்லை. என் கண் முன்னால் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்புச்சத்தின் கையிருப்பைக் காட்டும் அளவு, 8 என்று மிகக் குறைவாக வந்தது. ஹீமோகுளோபின் சரியாக இருந்ததால் வருடாந்திரப் பரிசோதனையில் இது தெரியவே இல்லை. நாங்கள் சைவம். தூர ஓட்டக்காரர்களுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, இரும்புச்சத்து குறைவது சகஜம் என்று அப்போதுதான் டாக்டர் சொன்னார். மாத்திரையை ஆரஞ்சுச் சாறோடு கொடுத்து, அந்த நேரத்தில் டீ காபியை நிறுத்தினோம். தேற மாதக்கணக்கில் ஆனது. இரண்டாவது கோச்சிடம் ஒளிக்காமல் ரிப்போர்ட்டை அனுப்பினாள். அவர் கைவிடவில்லை. அங்கேயே ஏர்லி டிசிஷனில், அதாவது கிடைத்தால் அங்கேதான் சேருவேன் என்ற உறுதியோடு முன்கூட்டியே, விண்ணப்பித்தாள், டிசம்பரில் இடம் கிடைத்தது.

"ஓடித்தானே சீட்டு வாங்கினாள்" என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். ஓட்டம் உதவியது, நான் மறுக்கவில்லை. ஹார்வர்டின் அட்மிஷன் முறையை எதிர்த்துப் போட்ட வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, கோச் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் கோச்சின் கையெழுத்துக்கு முன்பே மதிப்பெண்ணைப் பார்த்து வடிகட்டிவிடுகிறார்கள், அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2019-ல் அம்பலமான கல்லூரி அட்மிஷன் மோசடியில் பணக்காரர்கள் வாட்டர் போலோ, துடுப்புப் படகு என்று போலிப் படம் எடுத்துத் தங்கள் பிள்ளைகளை உள்ளே நுழைத்தார்கள். ஊரறிய ஓடிய 5:04-ஐ யாரும் படம் எடுத்து உண்டாக்க முடியாது. நான்கு வருடம் விடியற்காலை இருட்டில் ஓடப் போனவள் அவள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சனிக்கிழமை ஓட்டம் இருந்ததால் தமிழ்ப் பள்ளிக்குப் பல வாரம் போக முடியவில்லை. எட்டு வருடம் படித்த பிள்ளைக்கு வருகைப்பதிவு போதவில்லை என்று கடைசிச் சான்றிதழைத் தரவில்லை. ஆண்டு விழா மேடையில் ஸ்பெல்லிங் பீ, கணக்குப் போட்டிப் பிள்ளைகளுக்குத்தான் சால்வை. மாவட்ட அளவில் ஓடியவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பில் 4:38 நல்ல தொடக்கம். எங்கள் பள்ளிப் பையன்களை வைத்துச் சொல்கிறேன்: பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் 4:25-க்குக் கீழே வந்தவர்களிடம் நல்ல டிவிஷன் 3 கோச்சுகள் பேசினார்கள். ஐவி என்றால் 4:15-க்கும் கீழே வேண்டியிருந்தது. அவன் 3200 மீட்டரை எவ்வளவில் ஓடுகிறான்? கோச்சுகள் அதைத்தான் முதலில் பார்த்தார்கள். எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். டாக்டரிடம் போகும்போது ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள்.