குறுஞ்செய்தியால் நம் தமிழ் கெட்டுவிட்டதா?

மெசேஜ் அனுப்பி அனுப்பியே எழுத்தும் பேச்சும் கெட்டுவிட்டனவா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில்தான் மாற்றம் அதிகம் என்பேன். பேச்சில் பெரிதாக ஒன்றுமில்லை; சிரிப்பதற்குப் பதில் 'லோல்' என்று வாயால் சொல்கிறவர்கள் சிலர் உண்டு, அவ்வளவே.

பழைய பட்டன் போன்கள் பலவற்றில் தமிழே வராது. வந்தாலும் காசுக் கணக்கு இடிக்கும். ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும்; தமிழில் 70 குறிகள்தான். அதிலும் 'கொ' இரண்டு குறி (க ஒன்று, ஒகரக் குறி ஒன்று), 'த்' இரண்டு குறி (த ஒன்று, புள்ளி ஒன்று). அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகினோம். பல்லியும் பள்ளியும் ஒன்றாகிப்போயின. இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், சரி. ஆனால் அப்படிப் பழகிய கை, தமிழ் விசைப்பலகைக்கு வந்ததும் ல, ள, ழ முன்னால் தயங்குகிறது. என் கையும்தான்.

அப்புறம், அப்பாவுக்குக் கடிதம் எழுதிய காலத்தில் 'அடுத்த வாரம் வருகிறேன்' என்றுதான் எழுதுவோம். இப்போது 'வரேன்'. இதைக் கெடுதல் என்று சொல்லமாட்டேன். எழுத்தில் பெரும்பாலும் கதைகளின் உரையாடலில் உலவிய பேச்சுத் தமிழ், எல்லோருடைய அன்றாட எழுத்துக்கும் வந்திருக்கிறது. விடுப்பு விண்ணப்பத்திலும் 'வரல சார்' என்று அது நுழையும்போதுதான் சிக்கல்.