ஒருமுறை ரத்தக்கழிச்சலில் பிழைத்த கோழிக்கு எதிர்ப்பொருள் நிறைய இருந்தால், அந்த நோய் மறுபடி வராதா?

வராமல் இருக்கலாம். ஆனால் அதற்கான பெருமை, கிருமியை எதிர்க்க உடல் தயாரித்து ரத்தத்தில் விடும் புரதமான எதிர்ப்பொருளுக்கு உரியதல்ல. பல வருடம் கோழி ரத்தத்தில் எதிர்ப்பொருளை அளக்கும் எலிசா சோதனை செய்தே பிழைத்தவன் நான்; அதனால் மனசாட்சியோடு சொல்கிறேன்.

ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமேரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, குடல் சுவரின் செல்லுக்குள் புகுந்து பெருகுகிறது. உள்ளே போய்விட்டதை ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருளால் எட்ட முடியாது. அங்கே முக்கியமாக வேலை செய்பவை டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். கோழியின் கழிவாய்க்கு அருகில் பர்சா என்றொரு சிறு பை உண்டு. எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்கள் முதிர்வது அதில்தான். அந்த 'பி'யே பர்சாவின் முதல் ஆங்கில எழுத்துதான். பையை நீக்கிய கோழிகளுக்கு ஐமேரியாவைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் தொற்றிலிருந்து மீண்டவை, இரண்டாம் முறையும் தாக்குப்பிடித்தன.

அந்த எதிர்ப்பு வலுப்படுவது, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்பத் தொற்றும்போது. உயிருள்ள தடுப்பு மருந்து இதை நம்பியே இயங்குகிறது. குஞ்சு எச்சத்தில் வெளியேற்றும் ஊசிஸ்டுகள் (ஐமேரியாவின் முட்டை போன்ற நிலை) கூளத்தின் ஈரத்தில் முதிர்ந்து, கொத்தித் தின்னும்போது மீண்டும் வயிற்றுக்குப் போகின்றன. கூளம் வறண்டால் இந்தச் சுற்று அறுந்துவிடும்; சொதசொதவென்று இருந்தால் நோயே கிளம்பிவிடும். இன்னொன்று: கோழியைத் தாக்கும் ஐமேரியாவில் பல இனங்கள் உண்டு. குருட்டுக்குடலைத் தாக்கும் டெனெல்லாவை வென்ற கோழி, நடுக்குடலைத் தாக்கும் மாக்சிமாவிடம் தோற்கலாம்.

உருண்டைப் புழு விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு கோழியின் சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) ஊற்றிய எலிசா தட்டின் குழி கடும் மஞ்சளாக மாறியது, எதிர்ப்பொருள் ஏராளம். நல்ல காப்பு என்று குறித்து வைத்தேன். பிறகு அதே கோழியின் சிறுகுடலை அறுத்தால், விரல் நீளத்தில் வெள்ளைப் புழுக்கள் பின்னிக் கிடந்தன. அந்த மஞ்சள் நிறம் புழு வந்துபோன தடத்தைக் காட்டும், அல்லது இன்னும் உள்ளே இருப்பதைக் காட்டும். எது என்று அது சொல்லாது.

எதிர்ப்பொருளே வீண் என்று அர்த்தமில்லை. தாய்க்கோழியின் ஐஜிஒய் என்ற எதிர்ப்பொருள் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குப் போய், முதல் சில நாட்களுக்காவது ஓரளவு காக்கிறது. மாக்சிமா ஆண், பெண் அணுக்களாக மாறும் பாலணு நிலையின் புரதங்களைத் தாய்க்கோழிக்கு ஊசியாகப் போடும் தடுப்பு மருந்து உருவானதே இதை வைத்துத்தான்.

இப்போதெல்லாம் யாராவது ரத்தக் குழாயை நீட்டினால், எச்சத்தையும் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன்.