பட்டுச் சேலையும் பால் குடிக்கும் பிள்ளையும்

கேள்வி: என் குழந்தைக்கு 3 மாதம். கும்பகோணத்தில் நடக்கும் தங்கையின் திருமணத்தில் திருபுவனம் பட்டு உடுத்திக்கொண்டு சிரமமின்றிப் பாலூட்ட முடியுமா?
- வாசகி, பாபநாசம்

பதில்: தாராளமாக முடியும். ரவிக்கையைத்தான் கவனிக்க வேண்டும். முன்பக்கம் கொக்கி வைத்து, உள்ளே பருத்தித் துணி கொடுத்து, மார்பு கனக்கும் நேரத்திலும் இறுக்காத அளவுக்குத் தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள். இறுக்கம் தொடர்ந்து அழுத்தினால் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். முந்தானையை மடித்து ஊக்கு குத்தாமல் ஒற்றையாக விட்டால் அதுவே மறைப்பாகும். ஆனால் ஜரிகை பிஞ்சுக் கன்னத்தை உரசிச் சிவக்க வைக்கும் என்பதால், துவைத்த மல் துணியொன்றை இடையில் வைத்துக்கொள்ளுங்கள். பால் கசிந்தால் பட்டில் கறை படியும். பருத்தி பேட் வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். நம் டெல்டாப் புழுக்கத்தில், முகூர்த்தம் முடிந்தவுடன் பருத்திச் சேலைக்கு மாறிவிடுவதே உங்கள் இருவருக்கும் சுகம் என்பேன்.